இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

சூடான இரும்பில் ஈரத்துணி படும் வாசம். சோப்பும் ப்ளீச்சும் கலந்து, அடியில் லேசாகக் கருகிய பஞ்சு. இன்றைக்கும் வீட்டில் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஈரம் போகாத துணிமேல் வைத்தால் போதும், அந்த வாசம் எழுந்துவிடும். என் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ஒரு துணிக்கீற்று அங்கே இருக்கிறதா என்று தேடும்.

அம்மனை நம்பி வாழ்கிற சகோதரிகளே, வெள்ளிக்கிழமை விளக்குப் பூசை முடிந்ததும் இதைச் சொல்லலாம் என்று இரண்டு முறை எழுந்து நின்றேன். இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன்.

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலை ஒன்றில் பதினாறு வருடமாக மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை. யூனியனில் சேர்ந்தவள். என் இடம் இஸ்திரி ரோலர் பக்கம். படுக்கை விரிப்பின் இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து உருளைக்குள் விடுவோம், அது அந்தப் பக்கம் தகடுபோல் வரும். எனக்கு எதிர் முனையைப் பிடித்தவர் ஜைனப் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர், எங்கள் பகுதிக்கு யூனியன் பிரதிநிதி. ஈசூனில் என் அடுக்குமாடி புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி வீடு. பதினாறு வருடமும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

சென்ற ஆனி மாதம் என் கணவர் லிப்ட் வாசலில் விழுந்தார். அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் மதியம் டயாலிசிஸ். முடிந்து வரும்போது தலை சுற்றும், கால் தன் இஷ்டத்துக்குப் போகும். அன்று தனியாக வந்தவர் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துத் தூக்கியிருக்கிறார். நான் ரோலரில் நின்றுகொண்டிருந்தேன், கைப்பேசி லாக்கரில். வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பதினோரு முறை அழைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பிரார்த்தனை. தாயே, என் மத்தியானங்களை எனக்குக் கொடு. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எழுதக் கூசுகிறது.

ரோலர் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் துணி மடிந்து வந்தாலும் அதில் பட்டு நின்றுவிடும். நின்றால் வேலை தேங்கும், தேங்கினால் மேலே இருந்து ஆள் வரும். அதனால் கிழிந்த விரிப்பில் ஒரு கீற்றெடுத்து அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவோம். எல்லோரும் கட்டுவோம். மேலே இருப்பவர்களுக்கும் தெரியும், பார்த்துக்கொண்டே நடந்துபோவார்கள். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் கட்டுவார்கள்.

கணவர் விழுந்த அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை, முதலில் வந்தவள் நான்.

பத்து மணிக்கு ஜைனப் அக்காவின் கையை ரோலர் இழுத்தது. அந்தச் சத்தத்தை எழுதமாட்டேன். யாரோ சிவப்புப் பொத்தானை அடித்தார்கள். எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். நான் கம்பியிடம் ஓடினேன். முடிச்சை அவிழ்த்தேன். கீற்றைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தேன். கை செய்தது. கை என்னுடையது.

அக்காவின் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார்கள். கம்பி கட்டியிருந்தது என்று அவர் சொன்னார், யூனியனும் கேட்டது. ஆனால் சம்பவ இடத்தில் கீற்று இல்லை. பார்த்தோம் என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அறிக்கை தயாரானது. அவருடைய வேலையே நிலைக்குமா என்ற பேச்சும் வந்தது. கீற்று என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

ஆடி பிறந்த இரண்டாவது வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை, பகுதிநேர சூப்பர்வைசர். உனக்குத்தான் அனுபவம், எடுத்துக்கொள் என்றார். பதினொன்றுக்கு விடுதலை. பன்னிரண்டரைக்கு டயாலிசிஸ். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா கேட்டுவிட்டாள், என் மத்தியானங்களை அள்ளிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்துச் சொன்னார். சூப்பர்வைசர் நிர்வாகத்தைச் சேர்ந்தவர், யூனியனிலிருந்து விலக வேண்டும். விபத்து அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் காலை ஷிப்ட் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும், வந்ததும் போட்டுவிடு. பதில் வெள்ளிக்கிழமைக்குள்.

சிலிர்ப்பு அப்படியே குளிராக மாறியது.

வீட்டில் கணவரிடம் வேலையை மட்டும் சொன்னேன். அறிக்கையைச் சொல்லவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நல்ல சேதிதானே நாகு. ஏன் துக்கத்துக்குப் போய்ட்டு வந்த மாதிரி உக்காந்திருக்கே?"

"ஒண்ணுமில்லைங்க. களைப்பு."

"எனக்காகன்னு எடுக்காதே. நான் இன்னும் நாலு தடவை விழுந்து எழுந்திரிப்பேன்."

சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தேக்காவிலுள்ள அம்மன் கோயிலுக்குப் போனேன். பூக்கட்டிப் பார்க்கலாம் என்று முடிவு. நம்மவர்களுக்குத் தெரியும். வெள்ளை ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், சந்நிதியில் வைத்து வேறொருவரை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் போ, சிவப்பு வந்தால் நில். பூக்கடையில் மல்லிகையும் செவ்வரளியும் வாங்கினேன். கோயில் தூணோரம் உட்கார்ந்து காகிதத்தில் மடித்தேன். முதல் பொட்டலத்தில் மல்லிகை. இரண்டாவதற்கு அரளியை எடுத்தேன். கை நின்றது. அரளியைப் பைக்குள் போட்டேன். இரண்டாவதிலும் மல்லிகையை வைத்து மடித்தேன்.

ஆம். தெரிந்தேதான் செய்தேன். அவளிடம் கேள்வி கேட்கப் போய், பதிலையும் நானே கட்டிக்கொண்டு போனேன்.

எலுமிச்சை விளக்கோடு வந்த ஒரு பெண்மணி எனக்காக ஒன்றை எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

"அம்மா உத்தரவு குடுத்துட்டாங்க, தைரியமா செய்யுங்க" என்று என் கையைப் பிடித்தார். அவர் கை சூடாக இருந்தது, விளக்கேற்றிய கை. எனக்கு அந்தக் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டு ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடினேன்.

எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே அரளி. கசங்கி, சிவப்பாக, என்னைப் பார்த்துக்கொண்டு. மூன்று நிலையம் அதையே பார்த்துக்கொண்டு போனேன். நாலாவதில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலில் ஏறினேன்.

மறுபடியும் சந்நிதி. திறக்காத பொட்டலத்தைத் திறந்தேன். அரளியை அதன்மேல் வைத்தேன். தாயே, உன்னையே ஏமாற்றப் பார்த்தேன். பூ வேண்டாம். எனக்கு ஒரு வாய் கொடு. சொல்ல வேண்டியதைச் சொல்கிற அளவுக்கு ஒரு வாய். வேறு மந்திரம் எதுவும் வரவில்லை. மணியும் அடிக்கவில்லை, பூவும் விழவில்லை. வெகுநேரம் நின்றேன். பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியும் என்று தோன்றியது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பதில்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறை. மருத்துவ விடுப்பில் இருந்த ஜைனப் அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். எதற்கென்று அவருக்குத் தெரியாது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் கீற்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். முடிச்சின் சுருக்கம் இன்னும் அதில் இருந்தது.

கம்பி கட்டித்தான் இருந்தது. கட்டியது நான், மறைத்ததும் நான். எல்லா நாளும் எல்லோரும் கட்டினோம், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அக்காமேல் தப்பில்லை. அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இவ்வளவும் சொன்னேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

ஜைனப் அக்கா கீற்றைப் பார்த்தார், பிறகு என்னை.

"நீயா?"

"நான்தான்க்கா."

"ஒரு மாசமா நான் என்னையே சந்தேகப்பட்டுட்டிருக்கேன் நாகு. கம்பி கட்டியே இல்லையோ, நான்தான் கனவு கண்டேனோன்னு."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை உயர்வு இப்போதைக்கு இல்லை, விசாரணை நடக்கும், உன்மேலும் நடவடிக்கை வரலாம் என்றார் மேனேஜர். மாலை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கணவரிடம் அன்றுதான் எல்லாம் சொன்னேன். அவர் சாதம் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் மனம் ஒரே கேள்வியைச் சுற்றியது. மத்தியானமும் போய், வேலையும் போனால்?

திங்கட்கிழமை ஆறு மணிக்கு லாக்கரைத் திறந்தேன். கணவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி. வீட்டுக்கு வந்துட்டேன், ஜைனப் கூட்டிட்டு வந்துச்சு.

பஸ் இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உனக்காகப் போகல. விரல் பயிற்சிக்கு நானும் அந்தப் பக்கம்தான் போகணும். அவர் வந்தா பேச்சுத் துணைலா."

"அக்கா..."

"கோவம் இன்னும் போகல. போனா நானே சொல்றேன், நீ அடிக்கடி வந்து கேட்காதே." கதவைப் பாதி சாத்தியவர் மறுபடி திறந்தார். "வாய் குடுன்னு வேண்டினியாமே. உன் வீட்டுக்காரர் சொன்னார். உங்க அம்மனுக்கு ஆள் அனுப்ப வேற யாருமே கிடைக்கலையா? என் தலையிலயா கட்டணும்?"

படியில் உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் வந்தது. மத்தியானங்களைக் கேட்டிருந்தேன். யாருடைய கையை நான் உடைத்தேனோ, அந்தக் கையிலேயே வைத்து அவள் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று மாதம் அப்படியே நடந்தது. விசாரணையில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன். அக்காமேல் எழுதியிருந்த வரி நீங்கியது. விரல் வலிக்காத வேலையாகத் துணி எண்ணும் பகுதியில் அவருக்கு இடம் கிடைத்தது. ரோலர்களுக்குப் புதுத் தடுப்பு வந்தது. தூக்கிக் கட்டினால் இயந்திரம் ஓடவே ஓடாது. அக்கா வேலைக்குத் திரும்பும் தேதி முடிவான அதே வாரம், சூப்பர்வைசர் வேலையை மேனேஜர் மறுபடியும் கேட்டார். இந்த முறை கையெழுத்துப் போட எந்தக் காகிதமும் இல்லை.

அப்போதும் தயங்கினேன். யூனியனை விட்டுப் போவது பதினாறு வருடத்தைக் கழற்றி வைப்பதுபோல் இருந்தது. பூக்கட்டிப் பார்க்கவில்லை. அக்காவிடமே கேட்டேன்.

"போ" என்றார். "நாங்க எங்கே முடிச்சுப் போடுவோம்னு தெரிஞ்ச ஒருத்தி அந்தப் பக்கமும் இருக்கணும்."

இப்போது பதினொன்றுக்கு வெளியே வருகிறேன். பன்னிரண்டரைக்கு என் கணவரின் கை என் தோளில் இருக்கிறது. நான் பழைய நாகு இல்லை. கம்பியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு காலையும் தொடங்குவதில்லை, மறைக்க ஏதாவது தோன்றினால் அன்றே யாரிடமாவது சொல்லிவிடுகிறேன். சகோதரிகளே, கலங்கி நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் போங்கள். ஆனால் சிவப்புப் பூவையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். வேண்டாத பதிலுக்கும் இடம் விட்டு நில்லுங்கள். அவள் தருவாள். நீங்கள் நினைத்தே பார்க்காத கையால் தருவாள்.

மணிக்கூலியாக என் கடைசி நாள், அக்கா வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அதைச் சொல்லி முடிக்கிறேன். யூனியன் அட்டையை அக்காவிடம் கொடுத்தேன். ஈசூனில் பஸ் இறங்கி, அவர் புளோக்குக்குப் பிரியும் இடம்வரை இரண்டு பேரும் நடந்தோம். அவர் திரும்பி, மடங்காத இரண்டு விரல்களால் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். காலிதான்.

"கோவம் போயிடுச்சு" என்றார். "நாளைக்குக் கம்பியைப் பார்த்துட்டு சுவிட்ச் போடு."