அறிக்கையில் இல்லாத பெயர்

நிசாம் நானாவின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது கலேவெல சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "வாப்பா மௌத்தாகிட்டாங்க மாமி." கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

சீலை மூட்டையோடு தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்து விற்ற அவரை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் அறிமுகமானது யுத்த காலத்தில், நோயாளியாக. காசநோய்க்காரர்கள் ஏன் பாதியில் மருந்தை விடுகிறார்கள் என்று ஆராய்ந்த டாக்டர்களுக்காக, கிளினிக்கில் கேள்வித்தாள் நிரப்புவது என் வேலை. நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்தவர் என் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"வராதவன் ஏன் வரல்லண்டு வந்தவன்ட கேக்குறீங்களே, தங்கச்சி!"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்களே போய்க் கேளுங்க" என்றேன், வெடுக்கென்று. மனுஷன் நிஜமாகவே போனார்!

சீலைக்காரர் வாசலில் நின்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நானும் கூடப் போனேன். தோட்டத்து லயத்து வீடொன்றில், மருந்தை நிறுத்தி, இரத்தமாக இருமிக்கொண்டிருந்த புஷ்பம் அவரிடம்தான் வாய் திறந்தாள்.

"ஆமிக்காரங்க பஸ்ஸ விட்டு எறக்கிப் பையக் கொட்டிப் பாத்தாங்கண்ணே. கிளினிக் அட்டை மேசையில கெடந்துச்சு. எங்க லயத்து ஆளுங்க பூரா பாத்துட்டாங்க. இப்ப யாரும் எங்க வீட்டுல தண்ணி குடிக்கிறதில்ல."

கிளினிக்குக்கு அட்டையைக் கொண்டுபோகாவிட்டால் மருந்து கிடையாது. எங்கள் கேள்வித்தாளில் பஸ் தூரம் இருந்தது. சோதனைச் சாவடி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

"ஒருத்தர் சொன்னத வச்சு எப்படி?" என்றார் பெரிய டாக்டர், நாங்கள் போய்ச் சொன்னபோது. நானா மூட்டையை அவிழ்த்து, ஒரு சீலையின் மடிப்பிலிருந்து தன் அட்டையை எடுத்து வைத்தார். "நானும் இப்பிடி ஒளிச்சித்தான் கொண்டு வாறன். தெரிஞ்சா ஒருத்தரும் என்ட சீலையத் தொட மாட்டாங்க. அட்டை இங்க கிளினிக்லயே ஈக்கட்டும் டாக்டர். நாங்க வெறுங்கையோட வாறம்."

அப்படியே செய்தார்கள். அடுத்த மாதம் புஷ்பம் வந்து வாங்கில் உட்கார்ந்தாள். அதன்பின் எங்கள் கேள்விகளை நானாவும் கூட இருந்துதான் எழுதினார். அறிக்கையில் மட்டும் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். 'நோயாளி ஒருவர்' என்று போட்டோம்.

இப்போதும் எந்தக் கேள்வித்தாளை எடுத்தாலும், இங்கே வராதவர் யார் என்றுதான் முதலில் தேடுகிறேன். அந்தப் புத்தி அவர் தந்தது.

அன்று தொலைபேசியை வைக்குமுன் மகள் சொன்னாள்: "இனிப் பேரப் போடச் சொன்னாங்க மாமி. மௌத்தானவன் சீலை விக்கவா போறாண்டு சிரிச்சாங்க."

வீட்டுக்கு வந்து பழைய அறிக்கையை எடுத்தேன். 'நோயாளி ஒருவர்' என்பதை அடித்துவிட்டு, மேலே பேனாவால் எழுதினேன்: நிசாம் நானா.