சூரியன்மேல் போட்ட பழி

1. ஆறு ஜொப் கார்டுகள்

எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்து நான் சேர்ந்த முதல் வேலை ஒரு ரேடியோ திருத்தும் பட்டறையில். மீன்பிடிப் படகுகளிலும் உட்புறத்து ஆட்டுப் பண்ணைகளிலும் இருக்கும் சிற்றலை செட்டுகள் எங்களிடம் வரும். முதல் நாள் பகல் பதினொரு மணிக்கு டெலிபோன் அடிக்கத் தொடங்கியது. "செட் செத்துப்போச்சு" என்று அரை மணி நேரத்தில் ஆறு பேர். வந்த அன்றே இவ்வளவு வேலையா என்று எனக்குப் பெருமை தாளவில்லை. அழகான கையெழுத்தில் செட்டுக்கு ஒரு வேலைச் சீட்டாக ஆறு ஜொப் கார்ட் எழுதி, ஃபோர்மன் கீத் முன்னால் வைத்தேன்.

"வெளியில போய் மேல பார். பழுதான சாமான் அங்கதான் நிக்குது" என்றார் கீத்.

போய்ப் பார்த்தேன். சூரியன் நின்றது. கண் கூசியதுதான் மிச்சம்.

பிறகு அவர் விளக்கினார். வானத்தின் உச்சியில் உள்ள ஒரு படலம் சிற்றலைகளைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது. கடல் கடந்து பேச முடிவது அதனால்தான். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால், அதற்குக் கீழே உள்ள இன்னொரு படலம் தடித்து, அலைகளைப் போகும் வழியிலேயே விழுங்கிவிடும். பகலாக உள்ள பக்கம் முழுவதும் ஊமையாகும். இரைச்சல்கூட அடங்கி, ஏரியல் கழன்றதுபோல் இருக்கும்.

"அப்ப ஸ்க்ரூட்ரைவரைத் தொடாத. பக்கத்து ஊரில ஒருத்தனைக் கூப்பிடு. கிட்டத்துச் சத்தம் வானத்துக்குப் போய் வாறதில்லை. அவன்ர குரல் கேட்டா செட்டில பிழை இல்லை. பேசாமக் குந்தியிரு."

ஆறு கார்டும் குப்பைக்கூடைக்குப் போயின.

2. வாளிக்குள் வந்த செட்

அடுத்த சில ஆண்டுகளில் சூரியன் கொதிக்கத் தொடங்கியது. பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு வரும் காய்ச்சல் அது. அந்தக் காலத்தில் எட்டாத நாடெல்லாம் எட்டும். அதே வேகத்தில் திடீரென்று எல்லாம் அணைந்தும் போகும். கீத்தைப்போல நானும் ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர், லைசென்ஸ் எடுத்து, வீட்டுக் கராஜில் ஒரு செட் வைத்துக்கொண்டேன். வான் அலைகளில் நான்தான் அதிகாரி என்ற நினைப்பு.

ஒருநாள் ஒரு படகுக் கப்டன், அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிய செட்டை வாளியில் போட்டுக் கொண்டுவந்தார். முந்தின நாள் சூரிய வெடிப்பில் ஊமையானது. நான் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "கப்டன், சூரியனையும் கழற்றிக்கொண்டு வந்திருக்கலாமே" என்றேன். பட்டறையே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "மற்றப் படகில என்ர மகன் நிண்டவன். கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்றியா?"

அதையும் ஒரு பகிடியாகவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

3. சனிக்கிழமை நான்கு மணி

எழுபதுகளின் கடைசியில் இலங்கையின் கிழக்குக் கரையைப் புயல் அடித்தது. எங்கள் தெருவில் இருந்த நர்ஸ் புஷ்பத்தின் கணவர் ராசன் அங்கே வாத்தியார்; விசா கிடைத்து, இங்கு வர இருந்தவர். ஒன்பது நாளாகத் தந்தி இல்லை, கடிதம் இல்லை. பந்துல என்ற கொழும்பு ஹாம் ஒருவர், கார் பற்றரியோடு அங்கே போய் நிவாரணச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். மற்றவர் செய்தியை ஹாம்கள் சுமக்கக்கூடாது என்பது விதி. பேரிடர் என்பதால் விலக்கு. ராசனைத் தேடிப் பார்க்கச் சொல்லி, சனிக்கிழமை மாலை நான்கு மணி என்று ஸ்கெட், அதாவது சந்திக்கும் நேரம், குறித்தோம்.

புஷ்பம் டியூட்டி உடுப்போடு வந்து கதிரை நுனியில் இருந்தாள். சரியாக நான்குக்குப் பந்துலவின் குரல் வந்தது. "உங்கட வாத்தியாரைப் பற்றி…"

அவ்வளவுதான். அமைதி. இரைச்சல்கூட இல்லை.

"என்ன அண்ணை, என்ன சொன்னவர்?"

"பொறு பிள்ளை, செட்டில ஏதோ பிழை."

ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம் எனக்கு மட்டும் வரவில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்; அந்தக் கை சும்மா இருக்க மறுத்தது. மூடியைக் கழற்றினேன். ரிசீவர் போர்டை வெளியே எடுத்தேன். ஈயத்தை உருக்கி ஒரு ட்ரான்சிஸ்டரைப் பிடுங்கினேன். அது நல்லதாக இருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினேன்.

நான்கு நாற்பதுக்கு டெலிபோன் அடித்தது. கீத், தன் வீட்டிலிருந்து.

"எங்க துலைஞ்சனி? வானம் திறந்து இருபது நிமிஷமாச்சு, அப்பவிருந்து அந்த மனுசன் உன்னைக் கூப்பிடுறான். அடுத்தவன்ர ஸ்கெட்டில புகக்கூடாதெண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தன்."

"செட்டைக் கழற்றிப்போட்டன், கீத்."

என்னைத் திட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. "போனை அந்தப் பிள்ளையிட்டக் குடு" என்று மட்டும் சொன்னார். அவர் தன் ஸ்பீக்கரோடு போனைச் சேர்த்துப் பிடித்தார். புஷ்பத்தின் காதோடு நானும் காதை வைத்தேன். ராசனின் குரல்.

"புஷ்பம், நான் இருக்கிறன். கால்தான் நசிஞ்சு போச்சு. நீ கேக்கிறியோ?"

"ஓம், கேக்குது!" என்று அவள் போனுக்குள் கத்தினாள்.

ஒரு சொல் தமிழ் அறியாத கீத், "ஓம், கேக்குது" என்று எழுத்தெழுத்தாகத் தன் மைக்கில் சொன்னார். அங்கே ராசன் சிரித்தது கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் பேசியிருப்பார். பிறகு குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. இந்தமுறை சூரியன் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டே தீர்ந்த பந்துலவின் பற்றரி.

காலில் பிடித்த புண் காய்ச்சலாகி, பத்து நாளில் ராசன் போய்விட்டார்.

சூரியன்தான் மறித்தது என்று அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு புஷ்பம் கேட்டாள்: "அண்ணை, அண்டைக்கு எவ்வளவு நேரம் சூரியன் மறிச்சது?"

"முழு நாற்பது நிமிஷமும்" என்றேன்.

"சூரியனை ஆர் என்ன செய்யிறது" என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

இளம் டெக்னீசியன்களுக்குச் சொல்ல என்னிடம் பகிடிகள் நிறைய உண்டு. இதை மட்டும் இதுவரை சொன்னதில்லை. செட் ஊமையானால் முதலில் பக்கத்து ஊர்க்காரனைக் கூப்பிடுங்கள். கீத்தின் வீடு என் கராஜிலிருந்து நாலே மைல்; ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் போதும். புஷ்பம் இப்போது சிட்னியின் கிரவீனில் இருக்கிறாள், தமிழில் வருவதெல்லாம் வாசிப்பாள். இதையும் வாசிக்கட்டும்: முதல் இருபது நிமிடம்தான் சூரியன், பிள்ளை. மற்ற இருபதும் நான்.