எட்டாம் நம்பர் கடை

அம்சவல்லியைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். புருஷன் காலொடிந்து படுத்த பிறகு இட்லி விற்றே இரண்டு பெண்களை வளர்த்தவள் அவள். ஷிப்ட் முடிந்து பசியோடு வருகிறவனை வாய் நிறையத் திட்டிவிட்டு, இன்னும் இரண்டு இட்லி கூடவே வைப்பாள்.

நெய்வேலியில் பழைய சுரங்கப் பள்ளத்துத் தண்ணீர் ஏரியாகத் தேங்கியிருந்த கரையில், மூடிப்போன ஒர்க்‌ஷாப் ஒன்று இருந்தது. அதன் சுவரோரம் முன்னும் பின்னுமாக எங்கள் பதினோரு குடிசைக் கடைகள். எண்பத்து மூன்றாம் வருஷம் ஒர்க்‌ஷாப்பை இடித்துவிட்டு, கீழே கடை, மேலே குவார்ட்டர்ஸ், கரையோரம் பூங்கா என்று கட்டப்போவதாக முடிவானது. ஒரு ஆள் வந்து எங்கள் மண்சுவர்களில் செங்காவியால் நம்பர் போட்டார். முதல் எட்டு நம்பருக்குத்தான் புதுக்கடை, மற்றவர்கள் காலி செய்ய வேண்டியதுதான். என் சைக்கிள் கடை ஏழு. புஷ்பவல்லியின் பூக்கடை எட்டு. அம்சவல்லி ஒன்பது. பெயர் எழுத ஆபீசர் பொங்கல் கழித்து வருவார் என்றார்கள்.

அதற்குள் மகள் பிரசவத்துக்காகப் புஷ்பவல்லி குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பிவிட்டாள்.

"அக்கா, ஆபீசர் வந்தா எட்டுன்னு சொல்லி எம்பேர எழுதச் சொல்லிடு. ஒன்னத்தான் நம்பிக்கினு போறேன்."

"போயி பேரப்புள்ளய வாங்கிக்கினு வாடி. நான் இருக்கேன்ல?" என்றாள் அம்சவல்லி. மனசாரத்தான் சொன்னாள்.

பொங்கல் வந்தது. சுண்ணாம்பு அடிக்காமல் சும்மா இருக்க எங்களுக்கு மனசு வருமா? பதினோரு கடையும் பளிச்சென்று வெள்ளை. புஷ்பவல்லியின் சுவரையும் அம்சவல்லியே அடித்துக் கொடுத்தாள். நம்பர் அழிகிறதே என்ற நினைப்பு ஒரு மடையனுக்கும் வரவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

லீவு முடிந்த திங்கட்கிழமை காலையில் ஜீப் வந்து நின்றது. ஆபீசர் சுவரைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"நம்பர் எங்கய்யா? சரி, அவங்கவங்க நம்பரச் சொல்லுங்க. எவனாவது தகராறு பண்ணா மொத்த லிஸ்ட்டையும் கேன்சல் பண்ணிட்டுப் போயிடுவேன்!"

என் முறை வந்ததும் ஏழு என்றேன். எழுதிக்கொண்டார்.

"எட்டு யாரு?"

அம்சவல்லி கையில் கரண்டியோடு நின்றாள்.

"எட்டு யாருன்னு கேக்கறேன்!"

"நான்தாங்க" என்றாள்.

"அப்ப இந்தப் பூட்டிக் கெடக்கிறது?"

"அது ஒம்பதுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் ஏழும் போய்விடுமே என்று பயந்தேன். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஜீப் போன பிறகு நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் புஷ்பவல்லி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இட்லிக் கடைக்கு ஓடி வந்தாள். பேரன் பிறந்திருந்தான். அம்சவல்லியின் வாயில் ஒரு கை சர்க்கரையைத் திணித்துவிட்டு, மூச்சு வாங்கக் கேட்டாள்.

"ஆபீசர் வந்தாராமேக்கா. எட்டுன்னு சொன்னியா?"

அம்சவல்லி சர்க்கரையை முழுங்கினாள்.

"சொன்னேண்டி."