அப்பா மூழ்கடித்த வயல்

குரும்பகரத்தில் எங்களுக்கு இருப்பது ஒரே வயல். அதற்குப் பட்டா கேட்டுக் காரைக்கால் ஆபீசுக்குப் போனபோது, பிரெஞ்சுக்காரர் காலத்து வரிக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் தலத்தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நண்பரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் படித்துவிட்டுச் சொன்னார்:

"சதுப்பு நெலம், சாகுபடி இல்ல, வரி இல்லன்னு போட்டுருக்குங்க. உங்கப்பா என்ன, வாத்தா மேச்சாரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரி போடும் அதிகாரி வருகிறார் என்றால் அப்பா வாய்க்கால் கரையை வெட்டி வயலை மூழ்கடித்துவிடுவார். அதிகாரி தன் பூட்ஸைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார், வரப்போடு திரும்பிவிடுவார். அன்றைக்கு அம்மா வடை சுடுவாள்.

குமாஸ்தா சொன்னார்: "சதுப்புன்னா சர்க்கார் நெலம் தாத்தா. வியாழக்கெழம சர்வேயர் வருவாரு. பயிர் நின்னா வயல்னு எழுதுவாரு. தண்ணியா கெடந்தா பழைய கணக்குதான்."

நட்ட பயிரெல்லாம் ஐப்பசி மழையில் முழுகிக் கிடந்தது. புதன்கிழமை முழுக்க, அப்பா வெட்டிய அதே கரையில் நின்று தண்ணீரை வடியவிட்டேன். பயிரின் நுனி தெரியத் தொடங்கியபோது கடல் பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.