நான்கு கூட்டங்களுக்கும் வந்தவர்

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் கணக்கியல் நடத்துகிறேன். என் ஆராய்ச்சி கம்பெனிகளின் சார்பற்ற இயக்குநர்களைப் பற்றியது. முதலாளி குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து, தப்பு நடந்தால் தட்டிக் கேட்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் ஆள் அவர்.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைச் சேர்த்து, யார் எந்தக் கூட்டத்துக்கு வந்தார் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனியில் நாசரேத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். மூன்று வருடமாக, வருடத்துக்கு நான்கு கூட்டம், ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. இத்தனை பொறுப்பான மனிதரைப் பேட்டி எடுக்கலாம் என்று பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த மகளிடம் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கட்டிலில் வாய் ஒருபக்கம் இழுத்தபடி அந்தப் பெரியவர் படுத்திருந்தார்.

"அப்பா எங்கன போவாவ? கட்டில விட்டு எறங்கி ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது" என்றார் மகள்.

நான் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் பெரியவரின் இடது கை கட்டில் சட்டத்தைத் தட்டத் தொடங்கியது. மகள் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினார். தன் தம்பிக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை என்றும், நான் வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் துறை அறைக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நாசரேத் பயணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்துவிட்டு, ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தார். குழுவில் சட்டப்படி இருக்க வேண்டிய பெண் இயக்குநராகச் சேரச் சம்மதம் தெரிவிக்கும் படிவம். என் அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்து இடம் மட்டும் காலி.

"நீங்க கூட்டத்துக்கு வரணும்னு இல்ல, மேடம். வந்ததா நாங்க எழுதிக்கிடுவோம்" என்றார்.

முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. தேநீரை முழுதும் குடித்து முடித்து, படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்றே கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, பெரியவரின் பொய் வருகையைப் பற்றி மனு அனுப்பினேன். ஒரு பதிவு எண் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பெரியவர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனேன். மகள் என்னைத் தெரியாதவர்போல் கடந்து போனார்.

அடுத்த ஆண்டறிக்கையை வகுப்புக்குப் போகும் முன் திறந்தேன். புதிய பெண் இயக்குநர், துறையில் என் பக்கத்து மேசையில் உட்காரும் தோழி. நான்குக்கு நான்கு. அதில் ஒரு தேதியில் அவளும் நானும் காலையிலிருந்து மாலைவரை ஒரே ஹாலில் தேர்வு மேற்பார்வை பார்த்திருந்தோம்.

பக்கத்தை அவளிடம் காட்டினேன்.

"நீங்க மாட்டேன்னுட்டிய. அதான் என்கிட்ட வந்தாவ, அக்கா" என்றாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். ஆமென்று தலையசைத்தாள்.

இரண்டாவது மனுவில் அவள் பெயரை எழுதாமல் முடியாது. நான்கு நாள் கையில் வைத்திருந்து அனுப்பிவிட்டேன். இன்று மதியமும் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவளுக்கு இன்னும் தெரியாது.