பன்னைப் பிடுங்கிய மச்சான்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி பிளம்பருக்கு வலது கையை மீட்டுக் கொடுத்தது ஒரு திருடன் என்று சொன்னால் டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். அவர் உயிரைக் காப்பாற்றியது அவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் விரலை மடக்கவைத்தது ஒரு கடற்காகம்.

அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருடங்களாகக் குழாய் வேலை பார்ப்பவர். அங்கேயே, ஒரு கழிவறைக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தபோது வலது பக்கம் மரத்துப்போய்ச் சரிந்தார். பக்கவாதம் வருவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஸ்ட்ரெச்சர் இரண்டே நிமிஷத்தில் வந்தது. அதே ஆஸ்பத்திரியில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மூன்று வாரம் ஆகும்.

கால் தேறியது. பேச்சும் தேறியது, அது முன்பே கொஞ்சம் உபரிதான் என்பார் அவர் மனைவி. கை மட்டும் முரண்டு பிடித்தது. விரல்கள் பாதி மடங்கும், பிறகு அங்கேயே நின்று யோசிக்கும். ரெஞ்ச் பிடிக்க முடியாத பிளம்பரை யார் வைத்துக்கொள்வார்கள்? நல்லவேளையாகப் பராமரிப்புப் பிரிவு இன்ஜினியர் மனிதத் தன்மை உள்ளவர்.

"மூணு மாசம் உங்க இடத்துல வேற ஆள் போட மாட்டேன், அண்ணே. அதுக்குள்ள வந்து என் முன்னாடி ஒரு குழாயை முடுக்கிக் காட்டுங்க. கசியலைன்னா வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார்.

பிசியோதெரபி பெண் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து, தினமும் இருநூறு தடவை அமுக்கச் சொன்னார். நம்மவர் பத்து தடவை அமுக்குவார். "இதைப் பிடிச்சா என்ன, விட்டா என்ன? கீழ விழுந்தா அது பாட்டுக்குக் கிடக்கப்போகுது" என்பார். பந்து சோபாவுக்கு அடியில் குடியேறியது.

நடக்கவும் சொல்லியிருந்தார்கள். எனவே காலை பத்து மணிக்குத் துறைமுகச் சாலை வரை போய், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மீன் பன் சாப்பிடுவார். ஊன்றுகோல் இடது கையில், பன் வலது கையில். அந்தச் சாலை பறவைகளுக்குச் சொந்தம். மனிதர்கள் அவற்றின் தயவில் நடமாடுகிறார்கள். புறாக்கள் தூரத்து உறவினர்களைப் போல. "நாங்க சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்" என்ற பாவனையில் காலடியில் சுற்றி, கிடைத்ததையெல்லாம் பொறுக்கும். கடற்காகத்துக்கு அந்த நாசூக்கெல்லாம் இல்லை. விளக்குக் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து யாருடைய பிடி தளர்வு என்று பார்க்கும். நேராக இறங்கும்.

முதல் நாள் முழுப் பன்னும் போனது. இரண்டாம் நாளும் போனது. மூன்றாம் நாள் பறவை ஒரு முனையைக் கவ்வி இழுத்தபோது மறுமுனை வரவில்லை. பிளம்பரின் ஐந்து விரலும் பன்னுக்குள் புதைந்திருந்தன. முழங்கை வரை சாறு வழிந்தது.

அன்றிலிருந்து அதற்கு 'மச்சான்' என்று பெயர்.

"யாரைச் சொல்றீங்க, என் தம்பியையா?" என்றார் மனைவி.

"உன் தம்பி கேட்டு வாங்கித் தின்பான். இது பிடுங்கித் தின்னுது."

தினமும் மல்லுக்கட்டு நடந்தது. கைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கே தோன்றவில்லை. கவனமெல்லாம் பன்னின் மேல். இரண்டு வாரம் கழித்து, "பந்தை நல்லா அமுக்கியிருக்கீங்க போல" என்று பிசியோதெரபி பெண் பாராட்டினார். நம்மவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் வாங்கிக்கொண்டார்.

பிறகுதான் அன்பு குறுக்கே வந்தது. மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பள்ளி விடுமுறை விட்டதும் கணவரோடு துறைமுகச் சாலைக்கு வந்தார். நோயாளி மனிதரிடம் ஒரு பறவை காட்டும் அராஜகத்தைப் பார்த்தார். மறுநாள் குடையோடு வந்து, இறங்கி வந்த மச்சானின் முகத்துக்கு நேரே படக்கென்று விரித்தார். மச்சான் போனது போனதுதான். பத்து நாள் பிளம்பர் நிம்மதியாகச் சாப்பிட்டார். தொப்பை தேறியது. கை பழையபடி தொய்ந்தது.

"பிடி குறைஞ்சிருக்கே. எதையாவது மாத்துனீங்களா?" என்று கேட்டார் பிசியோதெரபி பெண்.

"ஒண்ணும் மாத்தலையே."

"இப்பதாங்க நிம்மதியா சாப்பிடுறாரு. பன்னைப் பிடுங்குற அந்தப் பறவையை நான் துரத்திட்டேன்ல" என்றார் கூட வந்திருந்த மனைவி, பெருமையாக.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். முழுக் கதையையும் கேட்டார். பிறகு, "அதைத் திரும்பக் கூப்பிட முடியுமா?" என்றார்.

இன்ஜினியர் கொடுத்த மூன்று மாசக் கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

வேண்டாமென்றபோது வாசலில் நின்றது, வேண்டுமென்றதும் ஊரிலேயே இல்லை. பன்னை நீட்டியபடி உட்கார்ந்தார் பிளம்பர். நாற்பது புறாக்கள் வந்தன. ஒன்று மணிக்கட்டிலேயே ஏறி உட்கார்ந்து கொத்தியது. புறா கொத்தினால் விரல் மடங்காது, கூச்சம்தான் வரும். குடையை வீட்டில் விட்டுவிட்டு வந்தும் பயனில்லை. மச்சானுக்கு அம்மையாரின் முகம் மனப்பாடம். நான்காம் நாள் அம்மையாரே கம்பத்தடியில் நின்று அண்ணாந்து, "வாப்பா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். தப்புதான்" என்று சமாதானம் பேசினார். அந்த வழியாக வந்த ஒருவர் சாலையின் மறுபக்கத்துக்கு மாறிப் போனார்.

ஐந்தாம் நாள் மனைவி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மச்சான் வந்தது. கவ்வியது. இழுத்தது. இவரும் இழுத்தார். பன் இரண்டாகும்வரை இருவரும் விடவில்லை.

"உங்க மச்சானுக்குக் கோபம் தீர்ந்துடுச்சு" என்று ஓடிவந்தார் மனைவி. மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது.

"இனிமே நீங்களே பிட்டுப் போட்டுடுங்க, பாவம்" என்றும் சொன்னார்.

"போட்டா அது தானம் ஆயிடும். அதுக்கு நான் காட்டுற நன்றி, லேசுல விட்டுக்கொடுக்காம இருக்கறதுதான்."

கெடு நாளன்று ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பம்பு அறையில் இன்ஜினியர் காத்திருந்தார். பிளம்பர் குழாயின் மரையில் டேப் சுற்றினார். ரெஞ்சை வலது கையில் எடுத்தார். முன்பு அரை நிமிஷ வேலை; இப்போது நாலு நிமிஷம் பிடித்தது. கடைசிச் சுற்று வரை ரெஞ்ச் நழுவவில்லை. இன்ஜினியர் வால்வைத் திறந்து, இணைப்பைச் சுற்றி ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். காகிதம் காய்ந்தே இருந்தது.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க, அண்ணே. நாலாவது மாடியில ஒரு சிங்க் உங்களுக்காகவே அடைச்சிக்கிட்டுக் கிடக்கு."

வெளியே வந்து, விடுமுறை முடிந்து திறந்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னார்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது. போனை எந்தக் கையில பிடிச்சிருக்கீங்க?"

"வலது கையிலதான்."

"வெச்சிடாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிக்கிட்டு இருங்க."