ஸ்டெல்லா வாங்கி வைத்த பூட்ஸ்

மூளை அலையைப் பதிவு செய்ய ஒருவரின் உச்சந்தலையில் பசை தடவி மின்வாய் ஒட்டிக்கொண்டிருந்தபோது பவித்ரா அழைத்தாள். "மேடம், ஸ்டெல்லா அக்கா போய்ட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ளயே..." பசை காய்வதற்குள் பதிவை முடிக்க வேண்டியிருந்தது. முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வியாசர்பாடி மைதானத்தில் பெண்கள் கால்பந்து அணியைப் பழக்கிய ஸ்டெல்லாவை, இந்த அஞ்சலியைப் படிக்கும் மைதானத்துக்காரர்கள் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ராயபுரத்துக்காரர். பகலில் ரயில்வே அலுவலகம், மாலையில் விசில். நான் விளையாட்டு பார்ப்பவள் அல்ல. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஆய்வுக்கூடத்தில் இருப்பவள். கோல்கீப்பர் பவித்ராவையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அவர்தான் என்னைத் தேடி வந்தார்.

பவித்ராவின் தலை கோல் கம்பத்தில் மோதியிருந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. மறுவாரம் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வு. தலையில் அடிபட்டால் முகத்தில் சோடா அடித்து ஸ்கோர் கேட்பது மைதானத்து வழக்கம். சரியாகச் சொன்னால் மறுபடி ஆடலாம். பவித்ரா சரியாகத்தான் சொன்னாள். ஸ்டெல்லாவோ அவள் பூட்ஸைக் கழற்றித் தன் ஒயர் கூடைக்குள் போட்டுக்கொண்டார்.

"கரெக்டா தானேக்கா சொன்னேன்?" என்று என் எதிரிலேயே கேட்டாள்.

"நானும் ஒரு தபா கரெக்டா சொன்னவதான்டி. சுத்தி நின்னு கத்திகினு இருந்தாங்க, அதைக் கேட்டு திருப்பி சொன்னேன். அப்பால ஆடுன செகண்ட் ஆஃப் இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல."

என் சோதனை இதுதான்: காதில் ஒரே மாதிரி ஒலிகள் வந்துகொண்டிருக்கும்போது நடுவே வேறொன்று வரும்; அதை மட்டும் எண்ண வேண்டும். அது கேட்ட அரை நொடிக்குள் மூளையில் ஓர் அலை எழும். தலையில் அடிபட்டவர்களுக்கு, ஸ்கேன் சரியாக இருந்தாலும், அந்த அலை தாழ்ந்தோ தாமதித்தோ வருவதுண்டு. பவித்ரா எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னாள். அலை தாழ்ந்திருந்தது, தாமதமாகவும் வந்தது.

"சரியா எண்ணிச்சில்ல, அப்புறம் இன்னா?" என்றார் அப்பா.

பலரைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும். அடிபடுவதற்கு முந்தைய பதிவு இல்லாமல், ஒருத்தியின் அலை இப்படி இருப்பது அடியாலா இயல்பாலா என்று சொல்ல முடியாது. "தெரியவில்லை" என்றேன். அப்பாவின் முகம் தெளிந்தது.

"தெரியலையா? அப்போ ஆட வாணாம்" என்றார் ஸ்டெல்லா.

"மேடமே தெரியலன்னுதானே சொல்றாங்க!" என்றார் அப்பா.

"அதான் நைனா, நானும் சொல்றேன். நல்லா கீறான்னு தெரிஞ்சா ஆடட்டும்."

பவித்ரா அந்தத் தேர்வுக்குப் போகவில்லை. டோல்கேட் பக்கம் ஸ்டெல்லாவைக் கண்டால் அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பொண்ணு நல்லா கீறா, அதான் மனுசனுக்கு கோவப்பட தெம்பு கீது" என்று சிரிப்பார் ஸ்டெல்லா.

தலைவலி நின்றபின் மீண்டும் பதிவு செய்தோம். அலை உயர்ந்து, முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. இரண்டாம் முறை என்பதால் பழக்கமாகவும் இருக்கலாம் என்று எச்சரித்தேன். "இருக்கட்டும் மேடம். இனிமே அடி படறதுக்கு முன்னாடியே எல்லாரையும் இட்டாறேன்" என்றார்.

இட்டு வந்தார். அணி முழுவதும் எண்ணெய் வழிய வாரி, பூ வைத்து வந்து நின்றது. எண்ணெயில் மின்வாய் ஒன்றும் ஒட்டவில்லை. "படம் மண்டைக்குள்ளடி புடிக்கிறாங்க, வெளியில இல்ல" என்று பின்கட்டுக் குழாயடியில் ஒவ்வொருத்திக்கும் ஷாம்பு போட்டு அலசிவிட்டார். பதிவுகள் தெளிவாக வந்தன.

அடக்கத்தன்று பவித்ராவின் அப்பாவும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அவளுக்கு அந்த வேலை பிறகும் கிடைக்கவில்லை. இப்போது மைதானத்தில் சிறுமிகளைப் பழக்குகிறாள்.

ஸ்டெல்லாவின் கட்டிலடியில் ஒயர் கூடை இருந்தது. உள்ளே ஒரு ஜோடி பூட்ஸ். "என்னோடது" என்றாள் அழுதுகொண்டிருந்த கீர்த்தனா, அன்று தலை அலசப்பட்டவர்களில் ஒருத்தி. போன வாரம் பந்தை ஹெட் செய்யப் போய் இன்னொருத்தியின் தலையில் மோதியிருக்கிறாள். கை நீட்டினாள்.

பவித்ரா தரவில்லை. "மேடம், நீங்க வச்சிக்கோங்க. என்கிட்ட இருந்தா கெஞ்சியே வாங்கினு பூடுவா" என்று என்னிடம் கொடுத்தாள்.

ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் இருப்பது இப்போதைக்கு அதுதான். மண் உதிராத பூட்ஸ், ஆய்வுக்கூட அலமாரியில். கீர்த்தனா நாளை வருகிறாள். எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இம்முறை முந்தைய பதிவு இருக்கிறது. அப்போதும் தெரியவில்லை என்றால், பூட்ஸைக் கொடுக்கப்போவதில்லை.